ஒரு மாத்திரையின் அடக்க விலை என்ன?
மருந்து விலைக் கட்டுப்பாட்டில் அரை நூற்றாண்டாகத் தீராத கணக்கு

புது தில்லி: மருந்துக் கடையில் பத்து மாத்திரைகள் கொண்ட அட்டை ஒன்றை வாங்குபவர் அதன் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலையைப் பார்க்கிறார். தயாரித்த நிறுவனம், உரிம எண், காலாவதியாகும் நாள் ஆகியவையும் அதில் உள்ளன. அந்த மாத்திரையைத் தயாரிக்க உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பது மட்டும் அதில் இல்லை.

இந்த ஒரு கேள்விக்கு விடை காணத்தான் மத்திய அரசு 1970 முதல் 2013 வரை நான்கு தசாப்தங்களுக்கும் மேலாக முயன்றது. பின்னர் அந்த முயற்சியையே பெரும்பாலும் கைவிட்டு, சந்தையில் நிலவும் விலையின் சராசரியை உச்சவரம்பாக வைத்துக்கொள்வது என முடிவு செய்தது. அந்த முடிவால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்ற விவாதம் இன்றளவும் ஓயவில்லை.

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22-ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலுத்தினர். 2013-14-ல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்துவிட்டது என்று அரசு பெருமை கொள்ளலாம். ஆயினும் ஐந்தில் இரண்டு பங்குச் சுமை இன்னும் குடும்பங்களின் தலையிலேயே உள்ளது. அந்தச் சுமையில் மருந்துக்கான செலவு முக்கியமான பகுதி. ஆகவே உற்பத்திச் செலவு என்பது தொழிற்சாலைக் கணக்கரின் கவலை மட்டுமல்ல. பொதுமக்களின் கவலையும் ஆகும்.

அடக்க விலை எப்படி உருவாகிறது?

மாத்திரை ஒன்றின் உற்பத்திச் செலவை நான்கு பகுதிகளாகப் பிரிக்கலாம். முதலாவது, மூலப்பொருள். நோயைத் தீர்க்கும் வேதிப்பொருளும், மாவுச்சத்து போன்ற துணைப் பொருள்களும் இதில் அடங்கும். இரண்டாவது, அவற்றை மாத்திரையாக மாற்றும் செலவு. தொழிலாளர் ஊதியம், மின்சாரம், நீராவி, இயந்திரத் தேய்மானம், தரப் பரிசோதனை ஆகியவை இதில் வரும். மூன்றாவது, அலுமினியத் தகடு, அட்டைப்பெட்டி போன்ற பொதியல் பொருள்கள். நான்காவது, பொதி கட்டும் வேலைக்கான செலவு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். 500 மில்லி கிராம் எடையுள்ள மருந்தைக் கொண்ட ஒரு லட்சம் மாத்திரைகளைத் தயாரிக்க 50 கிலோ மூல மருந்து தேவை. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்கு 20,000 ரூபாய். துணைப் பொருள்களுக்கு 3,000 ரூபாய். தயாரிப்பின்போது சிந்திச் சிதறிக் கழிவது 2 சதவீதம் என்றால் மேலும் 460 ரூபாய். மாற்றும் செலவு 6,000, பொதியல் பொருள்கள் 8,000, பொதி கட்டும் கூலி 2,540 ரூபாய் என்று கொள்வோம். மொத்தம் 40,000 ரூபாய். அதாவது ஒரு மாத்திரைக்கு 40 பைசா.

இந்தக் கணக்கு பார்ப்பதற்கு எளிது. ஆனால் இதிலுள்ள எந்த எண்ணும் நிலையானது அல்ல. மூல மருந்தின் விலை கிலோ 800 ரூபாயாக உயர்ந்தால், மற்றவை அப்படியே இருந்தாலும், அடக்க விலை 60 பைசாவைத் தாண்டிவிடும். மாற்றும் செலவின் பெரும்பகுதி உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலைச் செலவு. எனவே முழுத் திறனில் ஓடும் ஆலையில் மாத்திரைக்கு 6 பைசாவாக உள்ள அச்செலவு, பாதித் திறனில் மட்டுமே ஓடும் ஆலையில் 12 பைசாவை நெருங்கும். ஒரே மருந்தை ஒரே ஊரில் தயாரிக்கும் இரண்டு ஆலைகளுக்கு இரண்டு அடக்க விலைகள் இருக்க முடியும்.

ஒரே ஆலையில் முப்பது வகை மருந்துகள் தயாராகும்போது சிக்கல் மேலும் கூடுகிறது. பொது மேலாளரின் சம்பளத்தையும், ஆய்வகத்தின் செலவையும், கொதிகலனின் எரிபொருளையும் எந்த மருந்தின் கணக்கில் எவ்வளவு எழுதுவது? எடையின்படி பங்கிட்டால் ஒரு விடை வரும். இயந்திரம் ஓடிய மணிநேரத்தின்படி பங்கிட்டால் வேறொரு விடை வரும். இரண்டும் கணக்கியல் நெறிக்கு உட்பட்டவையே. விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்தின் தலையில் அதிகச் செலவை ஏற்றிக் காட்ட நிறுவனங்களுக்குக் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க அரசிடம் திறமையான கணக்காளர்கள் வேண்டும்.

சூத்திரம் பிறந்த கதை

1962-ல் சீனப் போரை ஒட்டி நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டபோதுதான் மருந்து விலை முதன்முறையாக அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விலைகளைக் காட்சிப்படுத்த அந்த ஆண்டும், விலைகளைக் கட்டுப்படுத்த 1963-லும் ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 1970-ல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது.

ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் 1974-ல் அமைக்கப்பட்ட குழு, அடுத்த ஆண்டு தனது அறிக்கையை அளித்தது. மருந்துத் துறையில் பன்னாட்டு நிறுவனங்களின் ஆதிக்கம், பொதுத்துறையின் பங்கு, விலை ஆகியவற்றை அந்த அறிக்கை விரிவாக ஆராய்ந்தது. அதன் தாக்கத்தில் உருவான 1979-ஆம் ஆண்டு ஆணை 347 மூல மருந்துகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1987-ல் இந்த எண்ணிக்கை 142 ஆகவும், 1995-ல் 74 ஆகவும் சுருங்கியது. தாராளமயக் கொள்கையின் போக்கு இந்தப் பட்டியலிலும் தெரிந்தது.

1995-ஆம் ஆண்டு ஆணையின் சூத்திரம் நேரடியானது. மேலே கூறிய நான்கு செலவுகளையும் கூட்ட வேண்டும். உற்பத்திக்குப் பிந்தைய செலவுகள், வணிகர் கழிவு, லாபம் ஆகியவற்றுக்காக அதன் மேல் அதிகபட்சம் 100 சதவீதம் சேர்க்கலாம். பின்னர் கலால் வரியைச் சேர்த்தால் சில்லறை விலை கிடைக்கும். நமது கற்பனை மாத்திரையின் விலை, வரி நீங்கலாக, 80 பைசா. பத்து மாத்திரைகள் 8 ரூபாய். மாற்றும் செலவு, பொதி கட்டும் செலவு, தயாரிப்பு இழப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனமும் சொல்வதை அப்படியே ஏற்காமல், அரசே நெறி அளவுகளை நிர்ணயித்தது.

இந்த அதிகாரம் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது. விலை நிர்ணயம் என்பது சட்டமியற்றும் தன்மை கொண்ட செயல் என்று சயனமைட் இந்தியா வழக்கில் 1987-ல் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அளித்த தீர்ப்பு, அரசின் கையை வலுப்படுத்தியது. செலவு ஆய்வுகளை முதலில் தொழில் செலவு மற்றும் விலைகள் அலுவலகம் மேற்கொண்டது. 1997 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அமைக்கப்பட்டு, அந்தப் பணி அதனிடம் வந்தது.

ஏன் கைவிடப்பட்டது?

செலவை அடிப்படையாகக் கொண்ட விலைக்கு எதிராக மருந்து நிறுவனங்கள் மூன்று வாதங்களை முன்வைத்தன. செலவைக் குறைத்தால் அனுமதிக்கப்படும் விலையும் குறையும் என்றால், திறமையாக உற்பத்தி செய்வதற்கு ஊக்கம் எங்கே என்பது முதல் வாதம். கட்டுப்பாட்டுக்குள் வந்த மருந்துகளின் உற்பத்தியைக் கைவிட்டு நிறுவனங்கள் வேறு மருந்துகளுக்கு மாறிவிடுகின்றன. அதனால் நோயாளிக்கு மருந்தே கிடைக்காமல் போகிறது என்பது இரண்டாவது. ஒவ்வொரு விலைக்கும் விண்ணப்பம், ஆய்வு, ஆணை என்று மாதங்கள் கழிகின்றன. அதற்குள் மூலப்பொருள் விலை மாறிவிடுகிறது என்பது மூன்றாவது.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. அரசு கேட்ட செலவு விவரங்களைத் தர நிறுவனங்கள் தயங்கின. தந்தவர்களின் விவரங்களும் சர்ச்சைக்கு உள்ளாயின. கூடுதல் விலை வசூலித்ததாகக் கூறி ஆணையம் விதித்த பல ஆயிரம் கோடி ரூபாய்க்கான கோரிக்கைகள் நீதிமன்ற வழக்குகளில் சிக்கின. செலவைக் கணக்கிடும் முறை தோற்றது என்பதைவிட, அதை நடத்தப் போதிய ஆள்பலமும் அரசியல் உறுதியும் இல்லாமல் போயின என்பதே மக்கள் நல அமைப்புகளின் கருத்து.

2002-ஆம் ஆண்டின் மருந்துக் கொள்கை கட்டுப்பாட்டை மேலும் தளர்த்த முற்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2003 மார்ச்சில் தடையை நீக்கியது. ஆனால் அத்தியாவசிய மருந்துகளும் உயிர் காக்கும் மருந்துகளும் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிடாதபடி வரையறைகளை வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. அகில இந்திய மருந்து நடவடிக்கை வலையமைப்பு தொடர்ந்த பொதுநல வழக்கும் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இந்த நிர்ப்பந்தங்களின் முடிவாக 2012 டிசம்பரில் புதிய விலைக் கொள்கையும், 2013 மே மாதத்தில் புதிய ஆணையும் வெளியாயின.

சராசரியின் அரசியல்

புதிய ஆணை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் வட்டம் விரிந்தது. 2011-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்த 348 மருந்துகளும் அதற்குள் வந்தன. 2022-ல் திருத்தப்பட்ட பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. ஆனால் விலையைக் கணக்கிடும் முறை முற்றிலும் மாறியது. ஒரு மருந்துக்கான சந்தையில் குறைந்தது ஒரு சதவீதப் பங்குள்ள தயாரிப்புகள் அனைத்தின் விலைகளையும் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் சில்லறை வணிகருக்கு 16 சதவீதம் சேர்த்தால் உச்சவரம்பு விலை வந்துவிடும். இந்தக் கணக்கில் உற்பத்திச் செலவு எங்கும் இல்லை.

இதன் நன்மை வெளிப்படையானது. சராசரிக்கு மேல் விற்ற நிறுவனங்கள் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. சராசரிக்குக் கீழே விற்றவர்கள் உச்சவரம்பு வரை விலையை உயர்த்திக்கொள்ளவும் முடியாது. ஏற்கெனவே விற்ற விலையையே தொடர வேண்டும் என்று ஆணை கூறுகிறது. கணக்கீடு எளிது, விரைவாகவும் நடக்கிறது.

குறையும் வெளிப்படையானதே. நோயாளி மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. மருத்துவர் எழுதித் தருகிறார். எனவே மருந்துச் சந்தையில் அதிகம் விற்பது மலிவான தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவர்களிடம் பெயர் பெற்ற விலை உயர்ந்த தயாரிப்பாகவும் இருக்கலாம். அத்தகைய சந்தையில் எடுக்கப்படும் சராசரி, உற்பத்திச் செலவைப் போலப் பல மடங்காக இருந்தாலும் சட்டப்படி நியாயமான விலையாகிவிடுகிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை விலையை உயர்த்த அனுமதி உண்டு.

பட்டியலில் உள்ள மருந்துகளின் விலை ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டெண்ணின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மாற்றப்படுகிறது. இதனால் 2022 ஏப்ரலில் 10.77 சதவீதமும், 2023 ஏப்ரலில் 12.12 சதவீதமும் உயர்வுக்கு அனுமதி கிடைத்தது. 2024-ல் அந்த உயர்வு ஏறத்தாழ பூஜ்யம், 2025-ல் 1.74 சதவீதம். மொத்த விலைக் குறியீட்டெண்ணில் கச்சா எண்ணெய் முதல் காய்கறி வரை எல்லாம் உண்டு. குறிப்பிட்ட ஒரு மருந்தின் மூலப்பொருள் விலை குறைந்திருந்தாலும் அதன் விலை உயரலாம். பல மடங்கு உயர்ந்திருந்தாலும் விலை அசையாமல் நிற்கலாம்.

செலவு திரும்பி வந்த வழி

கதவு வழியே வெளியேற்றப்பட்ட உற்பத்திச் செலவு, ஜன்னல் வழியே திரும்பி வந்தது. 2013-ஆம் ஆண்டு ஆணையின் 19-ஆவது பத்தி, அசாதாரணச் சூழ்நிலைகளில் பொதுநலன் கருதி விலையை உயர்த்தவோ குறைக்கவோ அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. நோயாளிகளுக்காக எழுதப்பட்டது என்று பலரும் கருதிய இந்தப் பத்தி, உற்பத்தியாளர்களுக்கும் பயன்பட்டது.

2019 டிசம்பரில் 21 மருந்து வடிவங்களின் விலையை 50 சதவீதம் உயர்த்த ஆணையம் அனுமதித்தது. சீனாவிலிருந்து வரும் மூலப்பொருளின் விலை ஏறியதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி மருந்துக்கு 2020-ல் இதே சலுகை கிடைத்தது. 2024 அக்டோபரில் மேலும் 8 மருந்துகளின் 11 வடிவங்களுக்கு விலை 50 சதவீதம் கூட்டப்பட்டது. பென்சிலின் ஊசி, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், மனநோய்க்கான லித்தியம், கண் அழுத்த நோய்க்கான பைலோகார்பின் ஆகியவை அவற்றுள் அடங்கும். தலசீமியா நோயாளிகளுக்கு உயிர்நாடியான டெஸ்ஃபெரியாக்சமின் ஊசியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இவை யாவும் பழைய, மலிவான, மாற்று எளிதில் கிடைக்காத மருந்துகள். விற்கும் விலை அடக்க விலைக்குக் கீழே போய்விட்டது. உற்பத்தியை நிறுத்த வேண்டியதுதான் என்று நிறுவனங்கள் விண்ணப்பித்ததன் பேரில் இந்த முடிவு எடுக்கப்பட்டது. விலை கூடினாலும் மருந்து கிடைக்கட்டும் என்பது அரசின் நிலை. விலை கட்டுப்படியாகாமல் நின்றுபோன மருந்தினால் ஏழை நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லா மருந்துகளுக்கும் ஒரே மாதிரி 50 சதவீதம் என்ற எண் எந்தச் செலவுக் கணக்கிலிருந்து வந்தது என்ற கேள்வியை மக்கள் நல அமைப்புகள் எழுப்புகின்றன. பதினொரு வடிவங்களின் உற்பத்திச் செலவும் ஒரே அளவில் உயர்ந்திருக்க வாய்ப்பில்லை.

சீனாவும் கொதிகலனும்

உற்பத்திச் செலவைப் புறக்கணித்ததன் பெரிய விலை, மூல மருந்துத் துறையில் தெரிகிறது. 1954-ல் புணே அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனமும், 1961-ல் இந்திய மருந்து நிறுவனமான ஐடிபிஎல்லும் தொடங்கப்பட்டன. ரிஷிகேஷிலும் ஹைதராபாதிலும் ஐடிபிஎல் ஆலைகள் எழுந்தன. சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவை சிகிச்சைக் கருவிகள் தயாரிக்கப்பட்டன. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்ததால், அதே மருந்தை மலிவான வேறு வழியில் தயாரிப்பதில் இந்திய வேதியியலாளர்கள் தேர்ந்தனர்.

அந்தத் தேர்ச்சியின் பலனை உலகம் 2001-ல் கண்டது. எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, தருவதாக சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது அறிவித்தார். அப்போது மேலைநாடுகளில் அந்தச் சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவானது. 2012-ல் புற்றுநோய் மருந்து ஒன்றுக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் 2.80 லட்சம் ரூபாய்க்கு விற்ற மருந்தை 8,800 ரூபாய்க்குத் தர நாட்கோ நிறுவனம் முன்வந்தது. விலைக்கும் அடக்கத்துக்கும் இடையிலான தூரத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் நாட்டுக்கு உணர்த்தின.

ஆனால் நொதித்தல் முறையில் தயாராகும் பென்சிலின் போன்றவற்றில் வேதியியல் அறிவு மட்டும் போதாது. பெரிய கலன்களில் பல நாள்கள் இடைவிடாமல் காற்றைச் செலுத்திக் கிளற வேண்டும். நீராவியும் மின்சாரமும் தடைபடக் கூடாது. ஒரு கலனில் கிருமி கலந்தால் அந்தத் தொகுதி முழுவதும் வீண். ஆலை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கிலோவுக்கான செலவு குறையும். மலிவான மின்சாரத்தோடும் மாபெரும் ஆலைகளோடும் சீனா இறங்கியபோது இந்திய ஆலைகள் ஒவ்வொன்றாக உற்பத்தியை நிறுத்தின. இன்று மூல மருந்து இறக்குமதியில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கிருந்தே வருகிறது.

கொரோனா காலத்தில் விநியோகம் தடைபட்ட பிறகே தில்லி விழித்துக்கொண்டது. முக்கியமான மூல மருந்துகளை உள்நாட்டில் தயாரிக்க 2020-ல் 6,940 கோடி ரூபாய் மதிப்பில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஹிமாசலப் பிரதேசம், குஜராத், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் மூல மருந்துப் பூங்காக்கள் அமைக்க 2022-ல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. கொதிகலன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, கரைப்பான் மீட்பு போன்ற வசதிகளைப் பல ஆலைகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றின் நிலைச் செலவும் குறையும் என்பதே பூங்காவின் தத்துவம். ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே பென்சிலின் உற்பத்தி 2024-ல் மீண்டும் தொடங்கியது. ஊக்கத்தொகைக் காலம் முடிந்தபின், சீன விலையை எதிர்கொண்டு இந்த ஆலைகள் நிற்குமா என்பதே அடுத்த சோதனை.

ஆலைக்கு வெளியே ஏறும் விலை

அடக்க விலையை மட்டும் பார்த்தால் போதுமா என்றால், போதாது. ஆலையின் வாயிலைத் தாண்டிய பிறகு ஏறும் விலையே பல நேரங்களில் பெரிது. இதயக் குழாய் விரிப்பானான ஸ்டென்டின் விலை 2017 பிப்ரவரியில் கட்டுப்படுத்தப்பட்டபோது இது அம்பலமானது. மருந்து பூசப்பட்ட ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன் மருந்து பூசப்பட்டவை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்றன.

தில்லியிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருந்து, பயன்படுத்தி எறியும் பொருள்கள், பரிசோதனை ஆகியவற்றில் லாப வரம்பு 1,737 சதவீதம் வரை சென்றதாக அது கூறியது. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகள் அட்டையில் உயர்ந்த விலையை அச்சிட வைத்து, குறைந்த விலைக்கு வாங்குவதால், லாபத்தின் பெரும்பகுதி உற்பத்தியாளருக்கு அல்ல, மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்தது.

2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வணிக லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என வரம்பு விதிக்கப்பட்டது. இதன் விளைவாக 390 தயாரிப்புகளின் விலை, சிலவற்றில் 87 சதவீதம் வரை, குறைந்தது. உற்பத்திச் செலவில் ஒரு பைசாவும் மாறாமலே நிகழ்ந்த குறைப்பு இது. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

வாங்குபவர் பலம் பெற்றால் அடக்க விலைக்கு அருகில் மருந்து கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. பின்னர் 2011-ல் ராஜஸ்தானும் அதே வழியில் கழகம் அமைத்தது. நிலையான, பெரிய அளவிலான கொள்முதல் உறுதி கிடைக்கும்போது ஆலை முழுத் திறனில் ஓடுகிறது. நிலைச் செலவு பல கோடி மாத்திரைகளுக்குப் பங்கிடப்படுகிறது. அதனால் குறைந்த விலையும் உற்பத்தியாளருக்குக் கட்டுப்படியாகிறது. மத்திய அரசு 2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் 2025-ல் 15,000-ஐ எட்டின. அங்கு விலை 50 முதல் 80 சதவீதம் வரை குறைவு என்று அரசு கூறுகிறது.

எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

விலை குறைந்தால் செலவைக் குறைத்தாக வேண்டும். ஒழுங்கான ஆலை அதற்குப் பல வழிகளைக் கையாள்கிறது. கரைப்பானை மீட்டு மீண்டும் பயன்படுத்துகிறது. ஒரு மருந்திலிருந்து அடுத்ததற்கு மாற இயந்திரத்தைக் கழுவும் நேரத்தைச் சுருக்குகிறது. தரமற்றதென்று கழிக்கப்படும் தொகுதிகளைக் குறைக்கிறது. இவை உண்மையான சிக்கனம். ஆனால் கணக்கேட்டில் மிக எளிதாக வெட்டக்கூடிய செலவு பரிசோதனைதான். அதை வெட்டினால் அன்றைக்கு எதுவும் நடக்காது. நடக்கும்போது குழந்தைகள் சாகிறார்கள்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்தபின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஆலை ஒன்றில் தயாரான அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை காட்டியது. அதன் பின்னணியில் இருந்தவை கவனக்குறைவா, பேராசையா என்பது புலனாய்வுக்கு உரியது. மூலப்பொருளைப் பரிசோதித்திருந்தால் இந்த நச்சு வெளிப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

நல்ல உற்பத்தி நடைமுறைகளைக் கூறும் 'அட்டவணை எம்' 2023 டிசம்பரில் கடுமையாக்கப்பட்டது. சிறு, குறு நிறுவனங்களுக்கு முதலீடு கட்டுப்படியாகாது என்ற முறையீட்டை ஏற்று 2025 டிசம்பர் இறுதி வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. தரத்துக்கான செலவு உண்மையானது. அதை யாராவது ஏற்றாக வேண்டும். குறைந்த விலைக்கு ஒப்பந்தப்புள்ளி தந்தவருக்கே கொள்முதல் என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த விலையில் பரிசோதனைச் செலவு அடங்கியுள்ளதா என்று பார்க்காத அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

கணக்கு யாரிடம் இருக்கிறது?

நிறுவனங்கள் செலவுப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும், அவற்றைத் தணிக்கை செய்ய வேண்டும் என்ற கடமை இந்தியச் சட்டத்தில் 1965-லேயே சேர்க்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 148-ஆவது பிரிவும் அதைத் தொடர்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்றுமுதல் கொண்ட மருந்து நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். அதாவது, பெரிய நிறுவனங்களின் அடக்க விலை விவரம் தகுதி பெற்ற கணக்காளரின் கையொப்பத்துடன் மத்திய அரசிடம் போய்ச் சேருகிறது. ஆனால் வணிக ரகசியம் என்பதால் அது பொதுப் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. விலையைத் தீர்மானிக்கும் சூத்திரத்திலும் அதற்கு இடமில்லை.

இதற்கிடையே, தொழில்களின் செலவை ஆராயும் அரசின் திறனும் தேய்ந்து வந்துள்ளது. தொழில் செலவு மற்றும் விலைகள் அலுவலகம் 1999-ல் சுங்கவரி ஆணையத்துடன் இணைக்கப்பட்டது. அந்த ஆணையமும் 2022-ல் கலைக்கப்பட்டது. விலை கூட வேண்டும் என்று ஒரு நிறுவனம் கேட்கும்போது, அதன் செலவுக் கணக்கைச் சுயமாகச் சரிபார்க்கும் ஆற்றல் அரசிடம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது நியாயமான ஐயம்.

பழைய சூத்திரத்துக்கு அப்படியே திரும்ப வேண்டும் என்று யாரும் கோரத் தேவையில்லை. சந்தை விலையின் சராசரியையும் உற்பத்திச் செலவையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் இடையே பல மடங்கு இடைவெளி உள்ள மருந்துகளை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். விலை உயர்வு கேட்டு வரும் விண்ணப்பங்களில், எந்தச் செலவு எவ்வளவு உயர்ந்தது என்பதை ஆணையின் பகுதியாகவே வெளியிடலாம். கொள்முதலில் மிகக் குறைந்த விலைக்குக் கீழ்வரம்பாகத் தரமான தயாரிப்பின் அடக்கத்தை வைக்கலாம். இவை மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. அரசிடம் ஏற்கெனவே வந்து சேரும் கணக்கைத் திறந்து பார்க்கும் விருப்பம் இருந்தால் போதும். அந்த விருப்பத்தை ஏற்படுத்த வேண்டிய பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களுடையது. நிலைக்குழுவில் அமர்ந்து அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.